இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில்

அன்புள்ள ஸ்டெல்லா,

நீ காரைக்காலிலிருந்து எழுதியது நேற்று வந்து சேர்ந்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை. மூன்றே வரி. "இங்கு நலம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிறது. நீங்கள் கேட்டிருந்த விஷயத்தில் உங்கள் இஷ்டம்தான் என் இஷ்டம்." கீழே கையெழுத்து. வாத்தியாரம்மா வேலைக்கு என்று நீ அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடிய கதைக்கே ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டவள், உன் கல்யாணத்துக்கு ஒரு வரி போதும் என்று நினைத்துவிட்டாய். நான் படித்துக் காட்டியதும் உன் அம்மா, "பாத்தியாய்யா, பொண்ணு ஒத்துக்கினா" என்று சொல்லிவிட்டு முறுக்குக்கு அரிசி ஊறவைக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாகூர் மாப்பிள்ளை வீட்டார் முடிவு கேட்டு வருகிறார்கள் அல்லவா, அதற்காக. நான் மட்டும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு தடவை படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு நாலு தடவை படித்தால்தான் புரியும் என்று நீ சிரிக்கலாம். நாலாவது தடவையும் எனக்குப் புரியவில்லை. உனக்கு அந்தப் பையன் வேண்டுமா வேண்டாமா என்பது அந்த மூன்று வரியில் எங்கேயும் இல்லை.

அதனால்தான் உனக்கு ஒரு ஏலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் இந்த மனுஷன் ஏலம் என்கிறாரே என்று கோபித்துக்கொள்ளாதே. இந்தக் காலத்தில் ஏலம் போகிறதெல்லாம் மாப்பிள்ளைகள்தான். பெண்ணை யாரும் ஏலத்தில் எடுப்பதில்லை, நாம்தான் கூடவே சீர் வைத்து அனுப்புகிறோம். நான் சொல்லப்போவது ஒரு கன்றுக்குட்டியின் கதை. அதில் உனக்கும் பங்கு உண்டு. உனக்கு அப்போது ஒன்பது மாசம்.

முதலில் சின்னப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ நினைவு தெரிந்து அவரைப் பார்த்திருக்கமாட்டாய். பார்த்திருந்தால் பெரியப்பா என்று கூப்பிட்டிருப்பாய். ஒதியம்பட்டுக்காரர். பிரெஞ்சுக்காரன் இருந்தவரை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் சேவகராக இருந்தார். ரோட்டோரப் புளியமரங்களின் காய்ப்பு, ஏரிக்கரைப் புல், ஏரி மீன் என்று கொம்யூன் எதை ஏலம் விட்டாலும் கூவுகிறவர் அவர்தான். பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறினான், அவருக்கும் வயசாகி வேலை போனது, குரல் மட்டும் போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் ஏலத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர் அந்தோணியார் கோயிலில் கொடியிறக்குகிற அன்று காலைப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும், அது உனக்கே தெரியும். ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், சேவல், முதல் அறுப்பு நெல், ஆடு, எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

ஏலம் கூவுகிறவர் என்றதும் தொண்டை கிழியக் கத்துகிற ஆள் என்று நினைப்பாய். சின்னப்பன் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் உரக்கப் பேசுவார். விலை ஏற ஏற அவர் குரல் இறங்கிக்கொண்டே வரும். அது காதில் விழவேண்டும் என்பதற்காகவே கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். சந்தைக் கூச்சலாக இருந்த இடம் ஐந்து நிமிஷத்தில் சாமியாரிடம் பாவம் சொல்கிற தொட்டிப் பக்கம் மாதிரி ஆகிவிடும். வெறும் தொகையை அவர் சொல்லவேமாட்டார், ஆளோடு சேர்த்துத்தான் சொல்வார். "லூர்து ரெண்டு ரூபா சொல்றா. லூர்து வூட்ல இந்தப் பூசணிய துன்றதுக்கு நாலு வாய் கீது. ஆறு வாய் கீற வூடு எது?" என்பார். ஆறு பிள்ளை பெற்றவன் எவனோ அவன் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டேகால் என்பான். ஒருத்தன் காதைச் சொறிந்தால் அது வெறும் சொறியா, கால் ரூபாய் ஏற்றமா என்பது அவருக்குத் தெரியும். பெண்சாதி பின்னாலிருந்து கிள்ளினதும் வாயை மூடிக்கொண்ட புருஷனைத் தெரியும். அவனிடம், "தம்பி, நீ வூட்டுக்குப் போயி சோறு துன்னணும், உன்ன உட்டுட்டேன்" என்பார்.

ஆனால் என்னை வாய்பிளக்க வைத்தது முடிக்கிற இடம்தான். அவர் கையில் சுத்தியல் கிடையாது, மணி கிடையாது. ஒரு தரம் என்பதைச் சேதி சொல்வதுபோலச் சொல்வார். ரெண்டு தரம் என்பதைக் கேள்வி கேட்பதுபோலச் சொல்வார். அதற்குப் பிறகு நிறுத்துவார். சில சமயம் கண் மூடித் திறக்கிற நேரம், சில சமயம் ஒரு விசுவாசப் பிரமாணமே சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு நேரம். அதன்பிறகு மூணு தரம். அது வாயிலிருந்து வந்தால் வந்ததுதான், சாமியாரே வந்து நின்றாலும் திருப்பமாட்டார். அந்த நிறுத்தம் எதற்கு எவ்வளவு என்று நான் பல வருஷம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலை கூடினால் நிறுத்தமும் கூடுகிறதா என்றால், இல்லை. நாலணா முருங்கைக்காய்க்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு, பெரிய ஆட்டுக்கிடாவை ஒரே மூச்சில் முடித்ததும் உண்டு.

ஒருநாள் டீக்கடையில் கேட்டேவிட்டேன். அதற்கு அவர் டவுனில் தான் பார்த்த ஒரு ஏலத்தைச் சொன்னார். நொத்தேர் என்று பத்திரம் எழுதுகிற அதிகாரி இருப்பாரே, பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் முன்னிலையில் வீடு நிலம் ஏலம் போனால் மேஜைமேல் சுண்டுவிரல் நீளத்துக்கு மெழுகுவத்தி கொளுத்தி வைப்பார்களாம். ஒன்று அணைந்தால் இன்னொன்று. கடைசி வத்தி அணைந்து புகை வருகிறவரை யார் கடைசியாகக் கேட்டானோ அவனுக்கு வீடு. யாரும் தரம் சொல்லத் தேவையில்லை. "அதெல்லாம் ஒயுங்கான ஏலம்தாண்டா, குத்தம் சொல்ல முடியாது. ஆனா மெழுகுவத்திக்கு மனுசன் தெரியாது. காத்து அடிச்சா அணைஞ்சிரும். எதுக்கால ஒருத்தன் சொல்லலாமா வாணாமான்னு தவிச்சிக்கினு நின்னாலும் அணைஞ்சிரும். நான் இன்னா மெழுகுவத்தியா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். எனக்கு அப்போது அது பாதிதான் புரிந்தது. மீதியைப் புரியவைக்க அவர் என்னையே நடுவில் நிறுத்தவேண்டியதாகிவிட்டது.

உனக்கு ஒன்பது மாசத்தில் ஜுரம் வந்தது. ஒன்பது நாள் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்தார்கள், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். எட்டாம் நாள் நீ அழுவதையும் நிறுத்திவிட்டாய். அன்றைக்கு உன் அம்மா அந்தோணியாருக்கு நம் செவலைக் கன்றை நேர்ந்துகொண்டாள். நம்மிடம் இருந்ததே அந்த ஒரு கிடேரிதான். அதன் தாய் முந்தின மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தது. அரைக்காணி நிலமும் வில்லியனூர் அரிசி மில்லில் எனக்கு இருந்த தராசு வேலையும் போக, நாளைக்கு நம் வீட்டில் பால் என்று ஒன்று வருமானால் அது அந்தக் கன்றால்தான் வரவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னிடம் சொல்ல இருபது வருஷத்துக்கு மேல் வெட்கப்பட்டேன். "ஏண்டி, ஒரு சேவல் போதாதா? அந்தோணியார் இன்னா மாட்டு யாவாரமா பண்றாரு?" என்று கேட்டேன். உன்னை மடியில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சேவல் குடுத்தா சேவல் அளவுக்குத்தான்யா சொகம் வரும்" என்றாள். பத்தாம் நாள் நீ பால் குடித்தாய்.

வேண்டுதல் மாட்டுக்கு நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கன்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிடவேண்டும், அது ஏலத்துக்கு வரும். ஆனால் கொடுத்தவனே முன்னால் வந்து நின்று கேட்டால் மற்றவர்கள் கேட்கமாட்டார்கள். ஒருத்தர் இரண்டு பேர் பேருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கோயிலுக்கும் ஒரு தொகை கிடைக்கும், மாடும் வீட்டுக்குத் திரும்பும். திருவிழா வருவதற்குள் நான் மில்லில் மூட்டை தூக்குகிறவர்களோடு சேர்ந்து ராத்திரி ஷிப்டும் பார்த்துத் தொண்ணூறு ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். நாற்பதுக்குமேல் போகாது என்று எல்லாருக்கும் தெரியும். நான் செய்யவேண்டியதெல்லாம் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறப்பது ஒன்றுதான்.

அதுதான் என்னால் முடியவில்லை. நான் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன். கொம்யூனுக்கு, தாசில்தாருக்கு, மின்சார ஆபீஸுக்கு என்று யாருக்கு என்ன வேண்டுமானாலும் என் கையெழுத்தில்தான் போகும். எனக்கு வாத்தியார் என்று பட்டப்பெயரே உண்டு; நீ நிஜமாகவே வாத்தியாராகி அந்தப் பெயரின் மானத்தைக் காப்பாற்றினாய். அப்படிப்பட்ட வாத்தியார், சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க எல்லார் முன்னாலும் போய் நிற்பதா? அதைவிட முக்கியம், கூட்டத்தில் ஆரோக்கியம் இருப்பான். உனக்கு அவன் சித்தப்பா. எனக்கு அந்தக் காலத்தில் அவன் அடுத்த நிலத்துக்காரன், வாய்க்கால் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லாதவன். ஊரோடு சேர்ந்து அவனும் வாயை மூடிக்கொண்டால், அவன் தயவில் எனக்குக் கன்று கிடைத்ததாகிவிடுமே! அந்தத் தயவு எனக்கு வேண்டாம். இதுதான் அன்றைக்கு என் மூளை ஓடின ஓட்டம்.

அரியாங்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கோவிந்தன் என்னோடு படித்தவன். நம் ஊரில் அவனை யாருக்கும் தெரியாது. அவனைக் கூப்பிட்டு, தொண்ணூறு ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்து, "எனக்காக நீ கேளு. நான் பின்னால நிப்பேன், என்னத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத. எவன் கேட்டாலும் உடாத" என்றேன். எதுவரைக்கும் போகலாம் என்று சொல்லவில்லை. நாற்பதுக்கு எதற்கு வரம்பு? இந்த அழகான ஏற்பாட்டை உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் நின்றாள்.

கன்றை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். சின்னப்பன் அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருபதில் ஆரம்பித்தார். ஜனங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் கேட்பேன் என்று. நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து கோவிந்தன், "இருபத்தஞ்சு!" என்றான். பெரிய மீசை, தலையில் துண்டு, காக்கி அரைக்கால் சட்டை, கையில் முடிச்சு. எனக்கு முன்னால் நின்ற ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "யார்ரா இவன்? பாத்தா அடிமாட்டு யாவாரி மாதிரி கீறான்." "அய்யய்யோ, அப்ப கன்னு வெட்டுக்கில்ல போயிரும்!"

ஸ்டெல்லா, அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு வியர்க்கிறது. கூடை முடைகிற லூர்து அக்கா எகிறிக் குதித்து "முப்பது!" என்றாள். அவள் வாழ்நாளில் முப்பது ரூபாயைச் சேர்த்துப் பார்த்திருப்பாளா என்பதே சந்தேகம். கோவிந்தன் முப்பத்தைந்து. யாரோ நாற்பது. கோவிந்தன் நாற்பத்தைந்து. எந்த அக்கிரமக்காரன் இவ்வளவு அசராமல் ஏற்றுகிறான் என்று ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. திடீரென்று ஆரோக்கியம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "அறுபது!" என்றான். என் கன்றுக்கு இவன் கேட்கிறானா, என்னைப் பழிவாங்கத்தான் கேட்கிறான் என்று எனக்கு இரத்தம் கொதித்தது. கோவிந்தனுக்கு நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டவேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. விடாதே என்றுதான் பார்த்தேன். எழுபது தாண்டியபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இருமினேன். முகத்தைத் துடைத்தேன். தலையை ஆட்டினேன். நான் என்ன செய்தாலும் கோவிந்தன் அதை இன்னும் ஏற்று என்று எடுத்துக்கொண்டான். ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தான். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. நூறு. கைக்குட்டையில் என்ன இருக்கிறது என்று அந்த மகராசன் அவிழ்த்துப் பார்க்கவே இல்லை.

ஆரோக்கியம் நூற்றிருபது என்றபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. சின்னப்பனின் குரல் அதற்குள் இறங்கி இறங்கிக் கன்றின் காதில் சொல்வதுபோல ஆகிவிட்டிருந்தது. "ஆரோக்கியம் நூத்தி இருவது. ஒரு தரம்." கோவிந்தன் நெஞ்சை நிமிர்த்தினான். "ரெண்டு தரம்." கோவிந்தன் வாயைத் திறந்தான். சின்னப்பன் அவன் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை மட்டும் அவனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அப்படியே நின்றார்.

ஆரோக்கியத்தைப் பார்க்கவில்லை, கோவிந்தனைப் பார்க்கவில்லை. நாலு வரிசை தாண்டிக் கடைசியில் நின்ற என்னைப் பார்த்தார். கோபமாகவும் இல்லை, கூப்பிடுகிற மாதிரியும் இல்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரம் இருக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். கன்று வாலை ஆட்டுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கோயில் உபதேசியார் பிறகு சொன்னார், செபமாலையில் பத்து மணியை முழுசாக உருட்டியிருக்கலாம் என்று. அத்தனை ஜனமும் அந்த ஒற்றை மனுஷரின் மூடின வாய்க்குக் கட்டுப்பட்டு நின்றதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டத்தை நிறுத்துகிறவனைப் பார்த்திருக்கிறேன். சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நிறுத்தினவரை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை.

"அண்ணே," என்றேன். "அண்ணே, அவன் என் ஆளு."

"எவன்?"

"அந்த மீசைக்காரன். கோவிந்தன். எனக்காகத்தான் கேக்கறான்."

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கினது லூர்து அக்காவுக்குத்தான். "அடப்பாவி! உனக்காகத்தானேடா நாங்க கேக்கறோம்! அந்தாளு அடிமாட்டுக்காரன், கன்ன வெட்டிடப் போறான்னு நெஞ்சு பதறிப்போயி..." என்று ஆரம்பித்தவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியம் திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு இது: "அப்ப நான் யாருக்குடா தொண்ட கிழியக் கூவிக்கினு கீறேன், லூசுப் பயலே?" வேப்பமரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது, அவ்வளவு சிரிப்பு. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உன்னை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத என் படிப்பு போதாது.

சின்னப்பன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, "ஏறினது ஏறினதுதான். சாமி காரியத்துல வெல எறங்காது. கடசியா கேட்டவன் ஆரோக்கியம். ஆரோக்கியம், இன்னா சொல்ற?" என்றார்.

"நான் இன்னா சொல்றது? எங்கிட்ட இருவத்திரண்டு ரூபாதான் கீது," என்றான் அவன். நூற்றிருபது கேட்டவன்! விதைநெல் வாங்க வைத்திருந்த பணமாம். நான் முன்னால் போனேன். அந்த நாலு வரிசையைத் தாண்ட எனக்கு இரண்டு வருஷம் ஆனது என்று பார். கோவிந்தன் கையிலிருந்த முடிச்சை வாங்கி ஆரோக்கியத்தின் கையில் வைத்தேன். எட்டு ரூபாய் குறைந்தது. அதைக் கோவிந்தன், "எல்லாம் என் வாயால வந்தது" என்று தன் சட்டைப்பையிலிருந்து போட்டான். அதற்கப்புறம்தான் சின்னப்பன் மூணு தரம் சொன்னார். என்ன ஒரு மூணு தரம் அது! கதவைச் சாத்துகிற மாதிரி இல்லை; தொட்டிலை மெதுவாக நிறுத்துகிற மாதிரி. கயிற்றை ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார். ஆரோக்கியம் அதை என் கையில் திணித்துவிட்டு, "நாலு நாளைக்கு ஒருக்கா பாலு எங்க வூட்டுக்கு வரணும். மறந்த, வாய்க்கால அடைச்சிருவேன்" என்றான். அந்தப் பால் இன்றைக்கும் போகிறது, செவலையின் பேத்தியிடமிருந்து. ஏன் போகிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் அது ஒரு பழைய கணக்கு என்று சொல்லித் தப்பித்தேன். வாய்க்கால் தகராறு தீர்ந்ததா என்றால் தீரவில்லை. அதோடு பாலில் தண்ணீர் கலக்கிறேன் என்ற தகராறும் சேர்ந்துகொண்டது. பேசிக்கொண்டே சண்டை போடுகிறோம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

மறுநாள் சின்னப்பனைத் தேடி ஒதியம்பட்டுக்குப் போனேன். "அண்ணே, விஷயம் தெரிஞ்சுதானே நிறுத்தனீங்க?" என்றேன். "எனக்கு இன்னாடா தெரியும்? நீயும் அந்த மீசையும் கூட்டுன்னு நான் கண்டனா?" என்றார். "பின்ன எதுக்கு நின்னீங்க?" அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு சொன்னதும் நான் எல்லார் நெஞ்சையும் பாப்பேன். மூச்ச உட்டுட்டவன் உட்டுட்டான், அவனுக்கு வாணாம். உன் மூச்சு உள்ள போச்சு, வெளிய வரல. அப்பிடி மூச்ச உள்ள வச்சிக்கினு ஒருத்தன் நிக்கறப்ப மூணு சொன்னா பாவம்டா." இதுதான் அவர் நிறுத்தத்தின் கணக்கு. விலையில் இல்லை, பொருளில் இல்லை, எதிரே நிற்கிறவன் நெஞ்சில் இருந்தது. ஒரு முருங்கைக்காய்க்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அன்றைக்கு எந்த ஏழையின் மூச்சு உள்ளே நின்றதோ, யார் கண்டது? அவருக்குத் தொண்டை கட்டிப்போன ஒரு வருஷம் என்னைக் கூவச் சொன்னார்கள். வாத்தியார் அல்லவா! பயத்தில் ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி நல்ல பூவன்தாரை எட்டணாவுக்கு முடித்துவிட்டேன். சாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். அதோடு என்னை யாரும் கூப்பிடவில்லை. எளிதான வேலை என்று நினைத்திருந்தேன்; மற்றவர்கள் மூச்சைப் பார்க்கவேண்டுமானால் முதலில் நம் மூச்சு நம் வசத்தில் இருக்கவேண்டும்போல.

இப்போது உன் மூன்று வரிக்கு வருகிறேன். நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பாகூர்ப் பையனை உன் அத்தை சொன்னாள். உனக்குப் பிடிக்கும் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆசை என்று நான் தலையாட்டினேன். நான் தலையாட்டினதைக் கேட்டு, அப்பாவுக்குத் திருப்தி என்று நீ 'உங்கள் இஷ்டம்' என்று எழுதிவிட்டாய். அதைக் கேட்டு உன் அம்மா அரிசி ஊறப்போட்டுவிட்டாள். ஒவ்வொருவரும் இன்னொருவருக்காகவே கேட்டு ஏற்றிக்கொண்டு போகிறோம். எல்லாரும் பிரியத்தில்தான் செய்கிறோம், வஞ்சகம் யாருக்கும் இல்லை. அன்றைக்கு வேப்பமரத்தடியிலும் வஞ்சகம் யாருக்கும் இல்லை. அந்தப் பிரியத்திலேயே நான் பிச்சைக்காரனாகியிருப்பேன்.

என் மனசில் இருப்பதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரித்த இடத்திலெல்லாம் பையன் நல்லவன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவன் மாமா இங்கே வந்திருந்தபோது, "கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு காரைக்காலுக்கெல்லாம் போவணும்னு இல்ல, வேலைய உட்டுடட்டும்" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னும் இரண்டு முறுக்கு வைத்தேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் புத்தி அதேதான். இதை உன்னிடம் மறைத்தது என் தப்பு. இதைத் தெரிந்துகொண்டும் உனக்குச் சம்மதமென்றால் எனக்குச் சந்தோஷம். வேலையை விடமாட்டேன், அதற்கு ஒத்துக்கொண்டால் வரட்டும் என்று நீ எழுதினால் அந்த வாக்கியத்தை மாற்றாமல் அவர்களிடம் சொல்கிறேன். வேண்டாமென்றால் வேண்டாம், காரணம்கூட எழுதவேண்டாம். ஆனால் அது உன் சொல்லாக இருக்கவேண்டும். என் இஷ்டத்தை உனக்குப் பதிலாக முன்வரிசைக்கு அனுப்பாதே. அது மீசையை முறுக்கிக்கொண்டு போய் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

உன் அம்மாவிடம் இன்று காலை எல்லாம் சொல்லிவிட்டேன். காப்பி விஷயத்தையும் சொன்னேன். அரிசியை ஆட்டிக்கொண்டே கேட்டாள். மாவை வழித்தெடுத்துவிட்டு, "எனக்கும் அப்பவே சுருக்குன்னுதான் இருந்துது, உனக்குப் புடிச்சிருக்குன்னு நென்ச்சி கம்முனு இருந்தேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னால் ஒரு முடிவுக்கு வரமுடியாமல் போகலாம். அவசரப்படவேண்டாம். அவர்கள் வந்தால், பெண் இன்னும் சொல்லவில்லை என்று சொல்வேன். வேறு இடம் பார்க்கிறோம் என்று அவன் மாமா எழுந்தால் எழுந்திருக்கட்டும், நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று உன் அத்தை ஒரு வருஷம் என்னை ஏசினால் ஏசட்டும். தரகரை அனுப்பமாட்டேன், உன் அம்மாவைப் பேசச் சொல்லமாட்டேன். நானே வாசல்வரை கூடப் போய், அந்த மாமாவின் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்து, "எம் பொண்ணு சொன்னதும் பாகூருக்கு நானே வந்து சொல்றேன்" என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அப்பா